கடன் கணக்கும் ஒரு மீட்புப் பொத்தானும்

தோட்டப் பகுதிக் கடைகளுக்கு மாதம் பத்தாம் திகதி தொடங்கி ஒன்பதாம் திகதி முடிகிறது. பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போடுவார்கள். அன்று மாலை கடைக்கு வருபவர்கள் பழைய கடனில் முடிந்ததைக் கட்டிவிட்டு, அடுத்த மாதத்து அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் புதிதாகப் பற்று எழுதத் தொடங்குவார்கள். அதனால் ஒன்பதாம் திகதி இரவில் கடைக்காரரின் பணம் கல்லாவில் இருப்பதில்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு கொப்பியில் இருந்தவரை கறையானுக்கும் ஈரத்துக்கும் பயந்தார்கள். கணினிக்கு வந்தபின் எதற்குப் பயப்படுவது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்தில் அப்படியொரு பலசரக்குக் கடைக்கு வேலை செய்து கொடுத்த அனுபவம் இது. சிறிய கணக்கு மென்பொருள் ஒன்றுக்குக் காப்புப் பிரதி எடுக்கும் வசதியையும் அதிலிருந்து மீட்கும் வசதியையும் சேர்க்க வேண்டும். மென்பொருள் நான் எழுதியதல்ல. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார்; மூலநிரலை விட்டுவிட்டுப் போனது பெரிய புண்ணியம். சி ஷார்ப்பில் எழுதிய விண்டோஸ் மென்பொருள், அடியில் எஸ்கியூலைட் தரவுத்தளம். வாடிக்கையாளர், பொருள், பில், வரவு என்று சில திரைகள். அந்தக் கடைக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

"காப்பு இல்லாமல் இல்லை தம்பி. ஒவ்வொரு இரவும் பென்டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் கடையைப் பூட்டுகிறேன்" என்றார் முதலாளி. சொன்னது உண்மைதான். பென்டிரைவைத் திறந்தால் திகதி வாரியாகக் கோப்புறைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு கோப்பு. அளவு 2 கிலோபைட். முகப்புத் திரையில் இருக்கும் 'கடைக் கணக்கு' என்ற படத்தை, அதாவது வெறும் குறுக்குவழியை, அவர் இரவு தோறும் இழுத்துப் போட்டு வந்திருக்கிறார். கணக்கு உண்மையில் இருந்த கோப்பு சி டிரைவின் ஆழத்தில் எங்கோ கிடந்தது. அதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை; பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் சோதித்தும் பார்த்திருக்கிறார். பென்டிரைவில் இருந்த படத்தை இரட்டைச் சொடுக்கினால் கணக்கு திறந்தது, நேற்றைய பில் வரை எல்லாம் சரியாக இருந்தது. குறுக்குவழி அதே கணினியின் சி டிரைவைக் காட்டிக்கொண்டிருக்கும்வரை திறக்கத்தானே செய்யும்? காப்பு எடுத்த கணினியிலேயே செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை. மென்பொருள் வழி காட்டவில்லை. மனிதர் தனக்குத் தெரிந்த வழியில் போயிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆகவே காப்பு எடுக்கும் பகுதியைத் தொடாமல் மீட்கும் பகுதியை முதலில் எழுதினேன். மீட்க வேண்டிய நாள் எப்படிப்பட்ட நாளாக இருக்கும்? கணினி போயிருக்கும், அல்லது கணக்கு திறக்காது. கடையில் ஆட்கள் நிற்பார்கள். முதலாளி பதற்றத்தில் இருப்பார். நான் மலைக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பேன். அந்த வேளையில் திரை அவரிடம் என்ன கேட்கலாம், அவரால் எதற்குப் பதில் சொல்ல முடியும் என்பதிலிருந்து தொடங்கினால், காப்புக் கோப்புக்குள் என்ன இருக்க வேண்டும், அதற்கு என்ன பெயர், எங்கே வைப்பது என்பவை தாமாகத் தெளிந்துவிடுகின்றன.

பெரும்பாலான மென்பொருள்கள் மீட்புப் பொத்தானை அழுத்தியதும் கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியலை நீட்டுகின்றன. பெயரும் அளவும் திகதியும் மட்டும். இதில் எது சரியான பிரதி என்று கடைக்காரர் எப்படி அறிவார்? அவருக்குக் கோப்பு தெரியாது. கடை தெரியும். அதனால் ஒரு பிரதியைத் தொட்டவுடன் அதற்குள் இருக்கும் கடைசி பில்லின் எண், நேரம், யாருக்குப் போட்டது, மொத்தம் எத்தனை வாடிக்கையாளர், வெளியில் நிற்கும் கடன் தொகை எவ்வளவு, அதிகக் கடன் வைத்திருப்பவர்கள் யார் என்று அந்தப் பிரதியிலிருந்தே படித்துத் திரையில் காட்டும்படி செய்தேன். ஒரு மாதிரிப் பிரதியைத் திறந்து காட்டியபோது முதலாளி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளிக்கிழமைக் கணக்கு. சனிக்கிழமை மேல் டிவிசன்காரர்கள் மூட்டைக் கணக்கில் அரிசி எடுத்தார்கள், அது இதில் இல்லையே" என்றார். கோப்பின் திகதியை அவர் பார்க்கவே இல்லை.

வாடிக்கையாளர் பெயரை மட்டும் காட்டினால் போதாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. லெட்சுமி என்ற பெயரில் மட்டும் அந்தக் கடைக்குப் பலர் வருகிறார்கள். டிவிசன் என்ற தோட்டப் பிரிவு, லயம் என்ற வரிசை வீடு, சில வேளைகளில் கணவர் பெயர் எல்லாம் சேர்ந்தால்தான் ஓர் ஆள். மீட்புத் திரையிலும் அப்படியே காட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு விஷயம். "மீட்க வேண்டும்" என்று கடைக்காரர்கள் கூப்பிடும்போது பெரும்பாலும் கணினி எரிந்துபோயிருப்பதில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் கணக்கைக் கடைப்பையன் தவறுதலாக நீக்கியிருப்பான். அல்லது ஒரு வரவை இரண்டு முறை பதிந்திருப்பான். அதற்காக முழுக் கணக்கையும் நேற்றைய நிலைக்குத் தள்ளினால் இன்றைய வியாபாரம் போய்விடும். ஆகவே 'பிரதியைப் பார்க்க' என்று ஒரு தனி வழி வைத்தேன். எஸ்கியூலைட் கோப்பை வாசிக்க மட்டும் திறக்கலாம். பழைய பிரதியை அப்படித் திறந்து, திரையின் பின்னணியை மஞ்சளாக்கி, எழுதும் பொத்தான்கள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். அவர் வேண்டிய ஆளின் கணக்கைப் பார்த்து, தொகையைக் குறித்துக்கொண்டு, நடப்புக் கணக்கில் திருத்திக்கொள்கிறார். இந்த வழி வந்தபின் உண்மையான மீட்புப் பொத்தானுக்கு வேலை மிகக் குறைந்துவிட்டது. சிறு கடைகளுக்கு எழுதுபவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இனி உள்ளே நடப்பவை.

எஸ்கியூலைட்டை ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டு வெளியிட்டார். அதற்குத் தனிச் சேவையகம் தேவையில்லை, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் இருக்கும். ஒரே கோப்புத்தானே, நகல் எடுத்தால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். மென்பொருளை ஒழுங்காக மூடியபின் நகல் எடுத்தால் சரிதான். அது திறந்திருக்கும்போது எடுத்தால் சரியாக வரும் என்று நம்ப முடியாது. இந்தக் கடையின் மென்பொருளில் டபிள்யூஏஎல் என்ற முறை இயக்கப்பட்டிருந்தது. 2010இல் எஸ்கியூலைட்டுக்கு வந்த இந்த முறையில் புதிய பில்கள் முதலில் பக்கத்திலிருக்கும் ஒரு துணைக் கோப்பில் எழுதப்படுகின்றன. அந்தத் துணைக் கோப்பு ஏறத்தாழ 1000 பக்கங்களை எட்டும்போதோ, தரவுத்தளத்தைத் திறந்திருக்கும் கடைசி இணைப்பு மூடப்படும்போதோதான் அவை முதன்மைக் கோப்புக்கு நகர்கின்றன. ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட். ஆக 4 மெகாபைட் அளவு எழுத்து துணைக் கோப்பிலேயே தங்கியிருக்கலாம். சின்னக் கடையின் அரை நாள் வியாபாரம் அதற்குள் அடங்கிவிடும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, பிரதியும் அழகாகத் திறக்கும், பகல் பில்கள் மட்டும் இருக்காது. இந்த வகைப் பிழை சத்தம் போடாது என்பதால்தான் ஆபத்தானது.

வழி எளிது. காப்பு எடுப்பதை எஸ்கியூலைட்டிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கென்று பேக்கப் ஏபிஐ என்ற செயல்கூறு இருக்கிறது; சி ஷார்ப் நூலகங்களில் 'பேக்கப் டேட்டாபேஸ்' என்ற பெயரில் கிடைக்கும், பைத்தானில் 3.7 பதிப்பிலிருந்து 'பேக்கப்' என்று இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டது 'வேக்யூம் இன்டூ' என்ற ஒற்றைக் கட்டளை. 2019இல் 3.27 பதிப்போடு வந்தது. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கணத்தின் முழுத் தரவையும் புதிய கோப்பாக எழுதிக் கொடுக்கும், நீக்கிய பதிவுகள் விட்டுச் சென்ற வெற்றிடங்களைத் தவிர்ப்பதால் கோப்பு சிறிதாகவும் இருக்கும். அதே பெயரில் தரவுள்ள கோப்பு ஏற்கெனவே இருந்தால் எழுத மறுக்கும். இது எனக்குப் பிடித்த குணம். பழைய பிரதியின் மேல் புதியதை எழுதி இரண்டையும் இழக்கும் வாய்ப்பு இல்லை.

ஆனால் மலையகத்தில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி முழங்கத் தொடங்கினால் கணினியின் செருகியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் இங்கே வழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு போய்ச் சிக்கியதால் முழு இலங்கையும் இருண்டதாக அமைச்சரே சொன்னார். காப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். 'வேக்யூம் இன்டூ' முடிந்தது என்று சொன்ன பின்னரும் எழுதியவை வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டன என்று சொல்ல முடியாது. விண்டோஸ் அவற்றைத் தன் நினைவகத்திலேயே சிறிது நேரம் வைத்திருக்கலாம்.

அதனால் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதுகிறேன். எழுதி முடிந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து வட்டுக்குத் தள்ளும் கட்டளையைக் கொடுக்கிறேன். பிறகு அதைத் தனித் தரவுத்தளமாகத் திறந்து, கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்டெக்ரிட்டி செக்' ஓட்டுகிறேன். 'ஓகே' என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தால் மட்டுமே உண்மையான பெயருக்கு மாற்றுகிறேன். இந்தச் சோதனை அட்டவணைகளுக்கிடையிலான தொடர்புகளைப் பார்க்காது. அதற்கு 'ஃபாரின் கீ செக்' என்று தனியே இருக்கிறது, இரண்டையும் ஓட்ட வேண்டும். இவ்வளவும் இந்தக் கடையின் தரவு அளவுக்குக் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. தற்காலிகப் பெயரோடு கிடக்கும் பாதிக் கோப்புகளை அடுத்த முறை மென்பொருள் திறக்கும்போது துடைத்துவிடலாம்.

எப்போது எடுப்பது? மென்பொருளை மூடும்போது எடுப்பது பலரும் செய்வது. இங்கே அது போதாது. பல நாட்களில் மென்பொருளை யாரும் மூடுவதில்லை, மின்சாரம்தான் மூடுகிறது. காலையில் திறந்தவுடன் ஒன்று, பகலில் சிறிது நேரம் யாரும் தட்டச்சு செய்யாமல் இருந்தால் ஒன்று, மூடினால் ஒன்று என்று வைத்தேன். தினசரிப் பிரதிகளில் அண்மைய சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். ஒன்பதாம் திகதி இரவுப் பிரதியை மட்டும் அழிக்காது. சம்பளத்துக்கு முந்தைய நிலை என்பதால், கடன் தகராறு எது வந்தாலும் முதலாளி தேடுவது அதைத்தான். புதிய பிரதி சோதனையில் தேறாவிட்டால் பழையது எதையும் நீக்கக் கூடாது என்பதும் நிரலில் எழுதியிருக்கிறது. இல்லையென்றால் பழுதான பிரதிகள் ஒவ்வொன்றாக வந்து நல்லவற்றை வெளியே தள்ளிவிடும்.

திகதியை நம்பும் எல்லா நிரலுக்கும் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கடைகளில் இருப்பவை பெரும்பாலும் கொழும்பில் ஏதாவது அலுவலகத்தில் உழைத்து முடித்து வந்த பழைய கணினிகள். தாய்ப்பலகையில் இருக்கும் நாணயம் போன்ற பற்றரி தீர்ந்திருக்கும். மின்சாரம் முழுவதும் போய் வந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பையன் அதைக் கவனிக்காமல் பில் போடுவான். அன்றைய காப்பு ஏதோ பழைய ஆண்டின் பெயரோடு உருவாகும்; பழையது என்று நினைத்து மென்பொருளே அதை நீக்கிவிடும். இதைத் தடுக்க, பிரதிகளின் வரிசையைத் திகதியில் வைக்காமல் தரவுத்தளத்தில் சேமித்த ஏறுமுக எண்ணில் வைத்தேன். கணினியின் திகதி கடைசி பில்லின் திகதிக்கு முந்தியதாக இருந்தால் மென்பொருள் பில் போடவே விடாது. திகதியைச் சரிசெய்யச் சொல்லும். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியும் இருக்கிறது, அது மனிதர்கள் படிப்பதற்கு. பெயரில் நேரம் சேர்ப்பதானால் முக்காற்புள்ளி போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது.

மீட்கும் பகுதியில் ஒழுங்கு மாறினால் வினைதான். தேர்ந்தெடுத்த பிரதியை நேரடியாக நடப்புக் கோப்பின் மேல் எழுதுவதில்லை. முதலில் அதை நடப்புக் கோப்பு இருக்கும் கோப்புறைக்கே வேறு பெயரில் நகலெடுக்கிறேன். அங்கே வைத்துச் சோதிக்கிறேன். இது எஸ்கியூலைட் கோப்புதானா, இந்த மென்பொருளுடையதுதானா, எந்தப் பதிப்பில் எடுத்தது என்று மூன்று கேள்விகள். எஸ்கியூலைட் கோப்பின் தலைப்பகுதியில் 'அப்ளிகேஷன் ஐடி', 'யூசர் வெர்ஷன்' என்று நாம் விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ள இரண்டு இடங்கள் இருக்கின்றன; இரண்டையும் பயன்படுத்திக்கொண்டேன். பிரதி பழைய பதிப்பினுடையது என்றால் மீட்டபின் அட்டவணைகளைப் புதிய வடிவத்துக்கு ஏற்றிக்கொள்ளும். பிரதி புதியதாகவும் மென்பொருள் பழையதாகவும் இருந்தால் மறுத்துவிடும். பழுதான கணினிக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவந்து பழைய மென்பொருளை நிறுவும்போது இது நிச்சயம் நடக்கும்.

அடுத்தது, இப்போது இருக்கும் கணக்கையும் ஒரு பிரதி எடுத்து வைப்பது. தவறான நாளுக்கு மீட்டுவிட்டால் திரும்பி வர வேண்டுமே. இங்கே ஒரு நுணுக்கம். நடப்புக் கணக்கு பழுதாகிவிட்டதால்தான் மீட்கிறார் என்றால், அதை ஒழுங்காகக் காப்பெடுக்கும் கட்டளையும் பிழை சொல்லி நின்றுவிடலாம். காப்பு எடுக்க முடியவில்லை, ஆகவே மீட்கவும் முடியாது என்று மென்பொருள் மல்லுக்கு நின்றால் கடைக்காரர் எங்கே போவார்? அந்த நிலையில் முதன்மைக் கோப்பையும் துணைக் கோப்புகளையும் உள்ளபடியே வேறு கோப்புறைக்கு நகர்த்தி வைத்துவிட்டு மேலே போகும்படி எழுதினேன். பிறகு வேறு ஒருவர் அவற்றிலிருந்து எதையாவது தோண்டி எடுக்கக்கூடும்.

துணைக் கோப்புகளை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், முதன்மைக் கோப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டபிள்யூஏஎல் கோப்பை அங்கேயே விட்டால், எஸ்கியூலைட் அதை மீட்டு வந்த புதிய கோப்புக்கு உரியதாக எடுத்துக்கொண்டு அதற்குள் எழுத முனையலாம். நல்ல பிரதி மீட்ட கணத்திலேயே கெட்டுப்போகும். முதன்மைக் கோப்பு, டபிள்யூஏஎல் கோப்பு, அதனோடு உருவாகும் எஸ்எச்எம் கோப்பு மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். அதற்கு முன் எல்லா இணைப்புகளும் மூடியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூலைட் நூலகம் 6.0 பதிப்பிலிருந்து, நாம் இணைப்பை மூடினாலும் அடுத்த தேவைக்காக அதைத் திறந்தபடியே வைத்திருக்கும். விண்டோஸ், கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லிப் பெயர் மாற்ற விடாது. அப்படித் திறந்திருப்பவற்றை மூட 'கிளியர் ஆல் பூல்ஸ்' என்ற ஒரு வரி போதும். அந்த வரி தெரியாமல் பலர் நாட்கணக்கில் அலைகிறார்கள். கோப்பு மாறியதும் மென்பொருளை முழுவதும் மூடித் திறந்துவிடுவது நல்லது. நினைவகத்தில் பழைய பட்டியல்கள் தங்கியிருக்காது.

இவை நிரல் எழுதுபவர் யோசித்தால் வருபவை. கடையில் இருந்தால்தான் தெரியும் என்பவை வேறு.

கடவுச்சொற்களும் தரவுத்தளத்தில்தான் இருந்தன. சில காலத்துக்கு முன் விலக்கிய ஒரு பையனின் பெயரை முதலாளி நீக்கியிருந்தார். பழைய பிரதியை மீட்டால் அந்தப் பையனும் அவன் கடவுச்சொல்லும் சேர்ந்து திரும்பி வந்துவிடுவார்கள். ஆகவே மீட்டபின் முதல் திரையாகப் பயனர் பட்டியலைக் காட்டி, யார் இருக்கலாம் என்று முதலாளியிடம் கேட்கிறது.

பில் எண் அதைவிடச் சிக்கல். நேற்றிரவுப் பிரதியை இன்று மாலை மீட்டால், இன்று அச்சடித்துக் கொடுத்த எண்களையே மென்பொருள் மறுபடியும் கொடுக்கத் தொடங்கும். ஒரே எண்ணில் இரண்டு பில், இரண்டும் வாடிக்கையாளர் கையில். பத்தாம் திகதி கணக்குப் பார்க்கும்போது சண்டைதான். மீட்டவுடன் மென்பொருள், "கடைசியாக அச்சடித்த பில்லின் எண் என்ன?" என்று கேட்கிறது. முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் கம்பியைப் பார்க்கிறார். கடன் பில்லின் இரண்டாம் பிரதியைக் குத்தி வைக்கும் வழக்கத்தைக் கணினி வந்த பின்னரும் அவர் விடவில்லை. பலர் அதை நிறுத்தச் சொன்னார்களாம். நான் நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன். விடுபட்ட எண்களைத் திரை வரிசையாகக் காட்டும். கம்பியிலிருந்து பில்லை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பதியலாம். இந்தக் கடையில் கடைசிக் காப்புக்கும் கணினி போன நேரத்துக்கும் இடையில் நடந்ததை மீட்டுத் தருவது அந்தக் கம்பிதான், வேறு எந்தத் தொழில்நுட்பமும் இல்லை.

மீட்புப் பொத்தானைக் காப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தினமும் அழுத்துவதும் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்துவதும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. உறுதிப்படுத்த 'ஆம்' என்று கேட்டாலும் பயனில்லை; 'ஆம்' என்பதை யாரும் படித்துவிட்டு அழுத்துவதில்லை. பிரதியில் இருக்கும் கடைசி பில் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். அதைச் செய்ய ஒருமுறையாவது திரையைப் பார்த்தாக வேண்டும்.

பிரதிகளை எங்கே வைப்பது என்று பேசும்போது முதலாளி, "வீட்டில் வைக்கிறேன்" என்றார். வீடு கடைக்கு மேலே, அதே சரிவில், படிக்கட்டு ஏறினால் வந்துவிடும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று சொல்லும் விதியில் 'வேறு இடம்' என்பதை மலையகத்தில் 'வேறு மலை' என்று படிக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால் கடையும் வீடும் சேர்ந்தே காலியாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீதிகள் துண்டிக்கப்பட்டு ஊர்கள் தனித்துப்போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹட்டனில் அவருடைய மருமகன் இருக்கிறார். சரக்கு எடுக்க ஹட்டன் போகும்போதெல்லாம் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வருகிறார்.

சிக்னல் இருக்கும் இரவுகளில் கூகுள் டிரைவுக்கும் ஒரு பிரதி போகிறது, சில மெகாபைட்தான். நடப்புத் தரவுத்தளத்தையே ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. முதன்மைக் கோப்பும் துணைக் கோப்பும் வேறு வேறு நேரத்தில் மேலே போய்க் குழம்பும். முடிந்த பிரதியை மட்டும் அங்கே வையுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் என்பது ஊர் பார்க்க வேண்டிய விஷயமல்ல என்பதால் வெளியே போகும் பிரதிகளுக்குக் கடவுச்சொல் பூட்டு உண்டு. அந்தக் கடவுச்சொல் காகிதத்தில் எழுதப்பட்டு மருமகன் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதே கணினியில் ஒரு கோப்பில் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பென்டிரைவைக் கண்டுபிடிக்கும் நிரலும் சற்று வேலை வாங்கியது. இன்று ஈ டிரைவாக வருவது நாளை எஃப் ஆக வரும். எழுத்தை நம்பாமல், நாங்கள் வைத்த ஓர் அடையாளக் கோப்பு அதில் இருக்கிறதா என்று எல்லாவற்றிலும் தேடிப் பார்க்கிறது. பாட்டு ஏற்றிக்கொண்டு வரும் பென்டிரைவில் கணக்குப் போய்விழக் கூடாது.

ஒன்பதாம் திகதி இரவு கடை அடைத்தபின் கடைப்பையன் அன்றைய பிரதியை ஒரு பழைய மடிக்கணினியில் மீட்டு, மொத்தக் கடன் தொகையைக் கடைக் கணினியோடு ஒத்துப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறான். ஒரு மாதம் தொகை ஒத்துவரவில்லை. முதலாளி என்னை அழைப்பதற்கு முன் அவனே திரையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான்: கடைசி பில் பழைய திகதியைக் காட்டியது. ஹட்டனுக்குப் போக வேண்டிய பென்டிரைவைச் செருகியிருக்கிறான். இப்போது ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் பச்சை நூலும் கட்டியிருக்கிறார்கள். பிரதியை எடுத்ததும் எந்த நூல் என்பதையும் திரையில் காட்டச் சொல்லி முதலாளி கேட்டார், அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.